வத்தல்பொடி இல்லாத கோழி

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு முதல் கவலை கறிச்சட்டியைப் பற்றித்தான். தென்மேற்குக் காற்று வலுத்துக் கடல் கரையை அறையத் தொடங்கியதும் கட்டுமரமும் வள்ளமும் மேடேறிவிடும். இப்போது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலமும் இருக்கிறது. மணக்குடி தொடங்கி நீரோடி வரையுள்ள மேற்குக் கரைக்கு அதுதான் கணக்கு. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் தடை இல்லை. கடல் சற்று இரங்கும் நாட்களில் அவை போய்க் கணவாயோ நெத்தோலியோ கொண்டுவரும். ஆனால் கடலடி மும்முரமாக இருக்கும் வாரங்களில் கடியப்பட்டணத்துத் தெருவில் ஒரு சாளைகூடக் கண்ணில் படாது. கருவாடுதான் கைகொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், கையில் காசு உள்ள வீட்டில் கோழி.

எங்கள் கரையில் கோழிக்கறி என்றால் அதற்கு ஒரே முகம்தான். வறுத்தரைத்த தேங்காய், மல்லி, வத்தல், நல்லமிளகு, கறிவேப்பிலை. குழம்பு மேலே எண்ணெய் மிதக்க வேண்டும், நிறம் கறுப்பை எட்ட வேண்டும். அந்தக் குழம்புக்கு நான் இன்றும் அடிமை. அதற்கு மாற்றாக எதையும் சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. அதே கோழியை வத்தல்பொடியே இல்லாமல், மஞ்சள்கூடத் தொடாமல், எலுமிச்சையும் பூண்டும் எண்ணெயும் ஒரு காய்ந்த இலையும் சேர்த்துக் கனலில் சுட்டு, ஊரே குழம்பு மணக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் முன்னால் வைத்தவர் என் சித்தப்பா.

அவர் கப்பல்காரர். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைகள் கடலை விட்டுப் போவதில்லை. ஊரை விட்டுத்தான் போவார்கள். சிலர் கொச்சிப் பக்கம் விசைப்படகுக்கு, சிலர் வளைகுடாவுக்கு அரபிக்காரர்களின் படகில் மீன் பிடிக்க, வாய்ப்புக் கிடைத்த சிலர் கப்பல் வேலைக்கான சான்றேடான சி.டி.சி. எடுத்துச் சரக்குக் கப்பலுக்கு. சித்தப்பா சாப்பாட்டு அறையில் தட்டு எடுக்கும் மெஸ்மேனாகச் சேர்ந்து, பிறகு சமையற்காரர் ஆனார். கப்பலின் முதலாளிகள் கிரேக்கர்கள். உலகத்தின் சரக்குக் கப்பல்களில் மிகப் பெரிய பங்கு இன்றும் கிரேக்க முதலாளிகளின் கையில்தான் இருக்கிறது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ் அவர்களுடைய தலைமையிடம் மாதிரி. சித்தப்பாவுக்குச் சமையல் சொல்லிக்கொடுத்த தலைமைச் சமையற்காரர் கியோஸ் தீவைச் சேர்ந்த முதியவர். அந்தத் தீவும் எங்கள் ஊர் மாதிரி தலைமுறை தலைமுறையாகக் கடலோடிகளைப் பெற்ற இடம்.

கப்பலில் சமையற்காரருடைய வேலை எவ்வளவு பெரியது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. இருபது, இருபத்தைந்து ஆண்கள், வெவ்வேறு நாட்டுக்காரர்கள், மாதக்கணக்கில் ஒரே இரும்புக் கூட்டுக்குள். வீட்டுக்காரியின் குரல் இல்லை, பிள்ளையின் முகம் இல்லை. நாளில் மூன்று வேளை சாப்பாடு மட்டும்தான் அவர்களுக்கு ஆறுதல். 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள கப்பலில் முறையாகப் பயிற்சி பெற்ற சமையற்காரர் இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. அந்த விதி வருவதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே சித்தப்பா சொல்லுவார்: “சோறு கெட்டா கப்பலு கெட்டுப்போவும் மக்கா. ஆளுக்கு ஆளு மொகத்தத் திருப்பிக்கிட்டு நிப்பானுவ.”

அதனால் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், கடல் அமைதியாக இருந்தால், மேல்தளத்தில் நெருப்பு மூட்டுவார்களாம். பழைய எண்ணெய் டிரம் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, கால் வைத்து, கம்பிவலை போட்டு, அதில் கரி நிரப்பி, கோழியும் பன்றியும் சுடுவார்கள். பிலிப்பைன்ஸ்காரர் பாடுவாராம். கேப்டன் இறங்கி வந்து தட்டை நீட்டுவாராம். அந்தப் பாதி டிரம்மின் முன்னால் நின்றுதான் கியோஸ் முதியவர் சித்தப்பாவுக்குக் கோழி சுடக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

விடுமுறைக்கு வந்த அந்த ஆனி மாதத்தில் அவர் பெட்டியிலிருந்து ஒரு தகரக் குப்பி ஆலிவ் எண்ணெயும், காம்போடு காயவைத்துக் கட்டிய ஓரிகனோக் கட்டு ஒன்றும் வெளியே வந்தன. கிரேக்கர்கள் அதை ரிகானி என்பார்கள். அவர்களுடைய மலைச்சரிவுகளில் தானாக முளைப்பது. மோந்து பார்த்த அம்மா, மருந்துக்கடை வாசம் என்றாள். அது எவ்வளவு சரியான மூக்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

“மைனி, இன்னைக்கு நீங்க அம்மிப் பக்கம் போவாண்டாம். கோழிய நான் பாத்துக்கிடுதேன்.”

“வத்தல்பொடி எவ்வளவு எடுக்க?”

“அது வேண்டாம்.”

“மஞ்சளு?”

“அதும் வேண்டாம்.”

“மஞ்சளு போடாம எறச்சியா? பச்ச வாட அடிக்காதா தம்பி?”

சித்தப்பா பதில் சொல்லவில்லை. பூண்டை உப்போடு சேர்த்து நசுக்கினார். நல்லமிளகைக் கொரகொரப்பாக உடைத்தார். எலுமிச்சை பிழிந்தார். எண்ணெயை ஊற்றிக் கரண்டியால் அடித்து, காய்ந்த இலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கித் தூவினார். அதில் பாதியை ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து மூடி வைத்துவிட்டார். மீதியில் தயிர் சேர்த்துக் கோழித் துண்டுகளைப் புரட்டினார். அந்தத் தனிக் கிண்ணம் எதற்கு என்று நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நெருப்பு விஷயத்தில் அவர் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பாட்டிதான் பார்த்துக்கொண்டாள். எங்கள் கரையில் பெண்கள் காலங்காலமாகச் சாளையையும் அயிலையையும் சிரட்டைக் கனலில் சுட்டு வந்திருக்கிறார்கள். சிரட்டை மூட்டியதும் கொழுந்துவிட்டு எரியும், கரும்புகை வரும். அந்த நேரத்தில் மீனை வைத்தால் வெளியே கரிந்து உள்ளே பச்சையாக இருக்கும், கசக்கும். சுவாலை அடங்கி, கனலின் மேல் வெள்ளைச் சாம்பல் படரும்வரை பாட்டி அசையமாட்டாள். பிறகு உள்ளங்கையை அந்தச் சூட்டின் மேல் பிடித்துப் பார்ப்பாள். கையை எவ்வளவு நேரம் வைத்திருக்க முடிகிறது என்பதுதான் அவளுடைய அளவுகோல். கியோஸ் முதியவரும் அதே மாதிரிதான் கையை நீட்டிப் பார்ப்பார் என்று சித்தப்பா சொன்னபோது பாட்டிக்கு அந்த முகம் தெரியாத கிழவர்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

பின்வாசல் சாய்ப்பின் கீழ் நான்கு செங்கல் வைத்து, மேலே கம்பிவலை. வெளியே சாரல். சித்தப்பா கனலை ஒரு பக்கமாகத் தள்ளிக் குவித்தார். மறுபக்கம் வெறுமையாக விட்டார். கோழியை முதலில் வெறும் பக்கத்தில் வைத்து ஒரு அகலப் பாத்திரத்தைக் கவிழ்த்து மூடினார். உள்ளே மெல்ல வெந்த பிறகு, கடைசியில் கனலின் நேர்மேலே இழுத்துத் தோலை முறுக வைத்தார். கொழுப்பு சொட்டும்போது தீ எழும்பினால் துண்டை நகர்த்திவிடுவார், தண்ணீர் தெளிக்கமாட்டார். தண்ணீர் தெளித்தால் சாம்பல் பறந்து இறைச்சியில் ஒட்டும்.

எடுத்த கோழியைத் தட்டில் வைத்து, சுடச்சுட இருக்கும்போதே அந்தத் தனிக் கிண்ணத்தில் இருந்த எலுமிச்சை எண்ணெயை மேலே ஊற்றினார். அப்போது எழுந்த மணத்தை எப்படிச் சொல்வேன். எலுமிச்சையின் கூர்மை, பூண்டின் காரம், அந்த இலையின் மலைவாசம், கரியின் மணம் எல்லாம் ஒன்றாக வந்தன. இந்தக் கடைசி ஊற்றல்தான் இந்தச் சமையலின் உயிர். ஊறவைத்ததில் சேர்ந்த எலுமிச்சை நெருப்பில் மங்கிப்போயிருக்கும். பச்சையாகச் சேர்வதுதான் நாக்கில் நிற்கும். பச்சை இறைச்சி தொட்ட மசாலாவை மேலே ஊற்றக் கூடாது. முதலிலேயே பாதியைப் பிரித்து வைப்பது அதற்காகத்தான்.

பாட்டி ஒரு துண்டு தின்றாள். “உப்பும் புளியும் சரியா நிக்கு” என்றாள். எங்கள் வீட்டில் மீன்குழம்புக்கே அந்தச் சான்றிதழ் எளிதில் கிடைக்காது. அம்மா பேசாமல் இரண்டாவது துண்டை எடுத்தாள்.

அந்த ஓரிகனோக் கட்டு மறு வருடம் வரை தாக்குப்பிடிக்கவில்லை. சித்தப்பா கப்பலில் இருந்தார். வாங்க எங்கும் வழியில்லை. நாகர்கோவில் வடசேரிச் சந்தையில்கூட அப்படியொன்றை யாரும் கேள்விப்பட்டதில்லை. அம்மா ஒருநாள் பின்வாசலில் நின்ற கற்பூரவள்ளியில் கொஞ்சம் இலையைப் பறித்து, பொடியாக அரிந்து, எலுமிச்சையும் பூண்டும் சேர்த்த கோழியில் போட்டாள். பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் வாட்டிச் சாறு பிழிந்து கொடுக்கும் இலை. வாசம் அவளுக்கு அந்தக் கட்டை நினைவுபடுத்தியிருக்கிறது. அவ்வளவுதான் அவளுடைய காரணம்.

அம்மாவின் மூக்குக்குப் பின்னால் ஒரு அறிவியல் இருக்கிறது என்று பல காலம் கழித்துத் தெரிந்துகொண்டேன். கற்பூரவள்ளியும் ஓரிகனோவும் துளசி, புதினா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டின் எண்ணெயிலும் மேலோங்கி நிற்பது கார்வக்ரால், தைமால் என்ற பொருள்கள். ஓம மணத்துக்கும் தைமால்தான் காரணம். கரீபியன் தீவுகளில் கற்பூரவள்ளியையே ஓரிகனோ இடத்தில் சமையலுக்குப் போடுகிறார்கள். மருந்துக்கடை வாசம் என்று அம்மா சொன்னது பிழையே இல்லை. படித்தவர்கள் ஆய்வுக்கூடத்தில் பிரித்துச் சொன்னதை அவள் மோந்து சொன்னாள். கற்பூரவள்ளி கொஞ்சம் முரட்டு இலை, சாறு அதிகம். அதனால் குறைவாகப் போட வேண்டும். அரிந்ததும் நிழலில் ஒருநாள் உலர்த்தினால் இன்னும் நல்லது.

இந்தச் சமையலை அன்னியம் என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவேன். கோழி முதலில் வீட்டுப் பறவையானது நம் கிழக்கில், தென்கிழக்காசியக் காடுகளில். கிரேக்கர்களுக்கு அது பாரசீகம் வழியாகப் போனது, கி.மு. 414-இல் ஏதென்ஸில் நடிக்கப்பட்ட அரிஸ்டோபனீஸின் ‘பறவைகள்’ நாடகத்தில் சேவலுக்குப் பாரசீகப் பறவை என்றே பெயர். எலுமிச்சையின் பிறப்பிடம் இமயத்தின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டிய நிலம். மிளகு நம் மலைகளிலிருந்து போனது. கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்தில் வாழ்ந்த கிரேக்க மொழிக்காரர் ஒருவர் எழுதிய எரித்திரியக் கடற்பயணக் கையேட்டில் மிளகு ஏற்றும் துறைகளின் வரிசையும் இருக்கிறது, அவற்றைக் கடந்து தெற்கே வந்தால் குமரி என்ற இடமும் இருக்கிறது. அந்தக் கப்பல்கள் எங்கள் கரையைக் கண்ணால் பார்த்தபடிதான் போயிருக்க வேண்டும். கிரேக்கர்களிடம் தொன்றுதொட்டு இருந்தது ஆலிவ் எண்ணெயும், அந்த இலையும், சுடும் கையும்தான். சாந்தோரினித் தீவின் அக்ரோத்திரியில், எரிமலைச் சாம்பலுக்கு அடியில், இறைச்சிக் கம்பிகளை வரிசையாகத் தாங்குவதற்குப் பள்ளம் வைத்துச் செய்த சுடுமண் தாங்கிகள் கிடைத்திருக்கின்றன. அவை மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் பழையவை.

எங்கள் வீட்டில் கிரேக்கம் என்ற சொல்லுக்கு வேறொரு நெருக்கமும் இருந்தது. எங்கள் பங்கின் பாதுகாவலர்கள் புனித பேதுருவும் பவுலும். பேதுரு மீன்பிடிகாரர், அதனால் அவர் எங்கள் ஆள். பவுலோ ஊர் ஊராகக் கப்பலேறிப் போனவர். கொரிந்து, பிலிப்பி, தெசலோனிக்கா என்று பூசையில் வாசகத்தில் கேட்ட பெயர்கள் சிறுவயதில் எனக்கு விண்ணுலகத்து ஊர்கள் மாதிரிதான் பட்டன. பிரேயஸில் நங்கூரம் போட்டுக் கிடந்தபோது, கொரிந்து அந்தப் பக்கம், பஸ்ஸில் போய்விட்டு வரலாம் என்று கேப்டன் கை காட்டியதாகச் சித்தப்பா சொன்னார். அன்றைக்குத்தான் அவை மண்ணில் இருக்கும் ஊர்கள் என்று உறைத்தது. பேதுரு, பவுல் இருவருக்குமான திருநாள் ஜூன் 29. அது ஆனி மாதம். கடல் கொந்தளிக்கும் காலம். சித்தப்பா ஊரில் இருந்த வருடங்களில், அந்த வாரத்தில் ஒரு மாலை இந்தக் கோழிக்கு உரியது என்று வீட்டில் வழக்கமாகிவிட்டது.

தொட்டுக்கொள்ள என்ன என்ற கேள்விக்கும் எங்கள் மண்ணிலேயே விடை இருந்தது. கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் இறங்கியதும், வெள்ளரிக்காயைத் துருவி உப்புப் போட்டுப் பிழிந்து, நசுக்கிய பூண்டும் சிறிது எண்ணெயும் புதினாவும் சேர்த்தால் கிரேக்கர்களின் ஸாட்ஸிகி. நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்தியில் தேங்காயும் கடுகும் அரைத்துத் தயிரில் கலக்கும் வெள்ளரிக்காய்க் கிச்சடியைத் தின்று வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வெள்ளரிக்காயை நன்றாகப் பிழிவது ஒன்றுதான் முக்கியம். பிழியாவிட்டால் தண்ணீர் விட்டுக் கூழாகிவிடும்.

ரொட்டிக்குப் பதில் நாங்கள் மரச்சீனிக்கிழங்கு வைப்போம். கிரேக்கர்கள் எலுமிச்சையில் வேகவைத்த உருளைக்கிழங்கு வைப்பார்கள். எங்களுக்கு அதைவிட இது பொருத்தம். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் முயற்சி எடுத்துப் பரப்பிய கிழங்கு இது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது எங்கள் பாட்டிமாரின் தலைமுறையைப் பட்டினியிலிருந்து காத்ததும் இதுதான். உப்பிட்டு வேகவைத்து நீரை வடித்து, அதன் மேலும் அந்த எலுமிச்சை எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். கோழியின் சாறு வழிந்து கிழங்கில் இறங்கும் இடம்தான் தட்டிலேயே நல்ல இடம்.

செய்ய நினைப்பவர்களுக்காக அளவையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ கோழித் தொடையும் காலும். கடைக்காரரிடம் தோலோடு கேளுங்கள், கேட்காவிட்டால் உரித்துவிடுவார். நெஞ்சுக்கறி கனலில் சீக்கிரம் வறண்டுபோகும். முட்டையிட்டு முற்றிய நாட்டுக்கோழி இதற்கு ஆகாது, அது குழம்புக்கே பிறந்தது. விடலைச் சேவல் கிடைத்தால் பாக்கியம். எட்டுப் பல் பூண்டு, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி நல்லமிளகு, இரண்டு தேக்கரண்டி காய்ந்த ஓரிகனோ அல்லது ஆறேழு கற்பூரவள்ளி இலை, அரைக் கிண்ணம் கெட்டித் தயிர், அரைக் கிண்ணம் எண்ணெய். கிரேக்கத்து எலுமிச்சை பெரியது, புளிப்பு மட்டு. நம் சிறிய எலுமிச்சைக்குக் கூர்மை அதிகம். நல்ல சாறுள்ள இரண்டு போதும். எலுமிச்சையில் கோழி இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஊறினால் மேல்பகுதி வெளுத்துப் பொடிப்பொடியாகிவிடும். ஆலிவ் எண்ணெய் இப்போது நாகர்கோவில் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. வாங்க மனமில்லாவிட்டால் கடலை எண்ணெய் போடலாம். தேங்காயெண்ணெய் வேண்டாம், அதன் மணம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

எலும்போடு உள்ள தொடைக்கு மொத்தம் முப்பது, முப்பத்தைந்து நிமிடம் பிடிக்கும். எலும்பருகே குத்தினால் சாறு தெளிவாக வர வேண்டும். வெப்பமானி இருந்தால் 74 டிகிரி செல்சியஸ். அடுக்குமாடி வீட்டில் கனலுக்கு வழியில்லை என்றால் கனத்த இரும்புத் தோசைக்கல்லில் தோல்பக்கம் கீழாக வைத்து மூடி, நடுத்தரத் தீயில் சுடலாம். கரிமணம் கிடைக்காது, மற்றதெல்லாம் கிடைக்கும். இறக்கியதும் ஐந்து நிமிடம் தொடாமல் விடுங்கள், சாறு உள்ளேயே தங்கும்.

வளைகுடாவிலிருந்தும் கப்பலிலிருந்தும் திரும்பிய ஆண்கள் எங்கள் கரைக்குத் தங்கம், டேப்ரெக்கார்டர், வாசனைத் திரவியம் எல்லாம் கொண்டுவந்தார்கள். அவர்கள் கற்றுவந்த சமையலை யாரும் எழுதி வைக்கவில்லை. எத்தனையோ சமையற்காரர்கள் எத்தனையோ நாட்டு ருசிகளோடு ஓய்வு பெற்று ஊர்த் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். சித்தப்பா இன்று இல்லை. அவர் கற்றுத் தந்தவற்றில் எனக்குக் கையில் நின்றது இந்த ஒன்றுதான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கப்பல்காரர் இருந்தால் இந்த ஆனியிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கோழி சுடும் அன்றைக்கு மட்டும் வத்தல்பொடி டப்பாவைத் திறக்காதீர்கள்.